வீட்டில் குட்டை ரகக் கறவை ஆடு: வளர்ப்பும் கறக்கும் முறையும்

கறவை ஆடு வாங்கப் போகிறவரின் கண் முதலில் மடியின் பருமனில்தான் நிற்கும். அதைவிட முக்கியம் காம்பு. குட்டை ரக ஆடுகளில் காம்பு அரை விரல் நீளம்கூட இல்லாமல் போகலாம், துளையும் சிறுத்திருக்கலாம். அப்படிப்பட்ட ஆட்டிடம் ஒரு லிட்டர் கறப்பதற்குள் கை மரத்துவிடும். அதை நாளுக்கு இரண்டு வேளை, பத்து மாதம் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே வாங்கும் இடத்திலேயே நீங்களே உட்கார்ந்து கறந்து பாருங்கள். கறக்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் கறவை ஆடு வாங்க வேண்டாம்.

காம்பு இரண்டுதான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே துளை. கிளைத்த காம்போ, கூடுதல் காம்போ இருந்தால் கறப்பது தொல்லை. கறந்து முடித்த மடி வெறும் பை போலத் துவண்டு தொங்க வேண்டும். உள்ளே கழலை போல ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது கறந்த பிறகும் ஒரு பக்கம் கட்டியாகவே இருந்தால், பழைய மடிநோய் அங்கே தழும்பு விட்டுப் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தில் பால் இனி முழுதாகச் சுரக்காது.

வயதைப் பல் சொல்லிவிடும். கீழ்த்தாடை முன்பற்களில் முதல் ஜோடி நிலைப்பல் ஏறத்தாழ ஒரு வயதில் வரும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு ஜோடி. நான்கு ஜோடியும் விழுந்து முளைத்திருந்தால் நான்கு வயதைத் தொட்டுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டாம் ஈத்து ஆடுதான் ஏற்றது. அது கறக்கப் பழகியிருக்கும், பால் அளவும் தெரிந்திருக்கும். தலைஈத்து ஆடும் பழகாத கையும் சேர்ந்தால் இரண்டுக்குமே அவஸ்தை. வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் சொல்லி புருசெல்லோசிஸ் (மனிதருக்கும் தொற்றும் பாக்டீரியா நோய்), சி.ஏ.ஈ. (மூட்டையும் மூளையையும் தாக்கும் வைரஸ் நோய்), ஜோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் நோய்) மூன்றுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ரகத்தைப் பொறுத்தவரை, வீட்டுக் கறவைக்கென்றே பலரும் தேடுவது நைஜீரியன் டுவார்ஃப். பெட்டை 57 செ.மீ. உயரத்துக்குள் நின்றுவிடும், எடை 30 முதல் 35 கிலோ. நல்ல கறவை ஆடு உச்சத்தில் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தரும். அளவு குறைவாகத் தோன்றினாலும் பாலில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டும். சானென் போன்ற பெரிய ரகங்களில் அது 3.5 சதவீத அளவில்தான் இருக்கும். பிக்மி ஆடு உயரத்தில் இதைப் போலவே இருந்தாலும் இறைச்சி வாகு கொண்டது. கறவைக்கென்று அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஒன்று மட்டும் வாங்காதீர்கள். ஆடு மந்தைப் பிராணி. தனியாகக் கட்டினால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியில் வாய் வைக்காது, பாலும் குறையும். இரண்டு பெட்டை, அல்லது ஒரு பெட்டையும் காயடித்த கிடா ஒன்றும் போதும். பொலிகிடா வீட்டில் வேண்டாம். அதன் வாடை பாலில் ஏறும் என்பதோடு, வருடத்தில் ஒரு நாள் வேலைக்காக முழு ஆண்டும் அதைக் கட்டித் தீனி போட வேண்டியிருக்கும்.

கொட்டிலும் வேலியும்

கொட்டில் பெரிதாக இருக்கத் தேவையில்லை. குட்டை ரக ஆடு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் போதும். மழைச்சாரல் அடிக்கக் கூடாது, தரை ஈரமாகக் கூடாது, காற்று ஆட்டின் தலைக்கு மேலாகப் போய்வர வேண்டும். உள்ளே குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் மூத்திர ஈரத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது, படுக்கையை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நிமிர்ந்து நிற்கும் உங்கள் மூக்குக்குத் தெரியாத வாடை, படுத்திருக்கும் ஆட்டின் நுரையீரலை முன்பே கெடுத்திருக்கும்.

வேலி 1.2 மீட்டர் உயரம். கம்பி வலையின் கண் அகலமாக இருந்தால் கொம்புள்ள ஆடு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும், குட்டி வெளியே நழுவிவிடும். 10 செ.மீ. கண்ணுக்கு மேல் போகாதீர்கள். ஏறி விளையாடக் கல்லோ மேடையோ போட்டால் வேலியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அதுவே தாண்டிக் குதிக்கும் படியாகிவிடும்.

தீனி

பால் சுரப்பது மடியில் என்றாலும் அதற்கான வேலை நடப்பது பெருவயிற்றில். அங்குள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கும்போதுதான் பால் கொழுப்புக்கான மூலப்பொருள் கிடைக்கிறது. எனவே நார்த்தீனி முதலில், தானியம் போன்ற அடர்தீவனம் அடுத்து. காலையில் வெறும் வயிற்றில் தானியத்தைக் கொட்டினால் பெருவயிறு புளித்துப்போகும். ஆடு தீனியைத் தொடாது, கழியும், அசை போடுவது நின்றுவிடும். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. தானிய மூட்டை இருக்கும் அறையின் தாழ்ப்பாளை ஆட்டால் நாக்கிலோ உதட்டிலோ திறக்க முடியாதபடி போடுங்கள். வீட்டு ஆடுகள் செத்துப்போவதற்கு அடிக்கடி காரணமாவது அந்தக் கதவு.

30 கிலோ பெட்டை ஒன்று நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காய்ந்த புல் தின்னும். கீழே விழுந்ததை மறுபடி தொடாது, அதனால் ஒன்றரைக் கிலோ வையுங்கள். தீனித் தொட்டியைத் தரையில் வைக்காமல் மார்பு உயரத்தில் கட்டினால் வீணாவது குறையும், சாணம் படாமலும் இருக்கும். கறக்கும் ஆட்டுக்குப் பயறு வகைத் தீவனம் வேண்டும். குதிரைமசால் கிடைத்தால் புரதம், சுண்ணாம்புச்சத்து இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும். அடர்தீவனம் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 300 முதல் 400 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, கறக்கும் மேடையில் மட்டும். புதுத் தீவனம் எதுவானாலும் ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

தாது உப்பு ஆட்டுக்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். செம்மறிக்கு விற்கும் கலவையில் தாமிரம் இருக்காது, ஏனென்றால் செம்மறிக்கு அது சுலபத்தில் நஞ்சாகும். வெள்ளாட்டுக்கோ தாமிரம் இல்லாமல் முடியாது. கறுப்பு மயிர் செம்பட்டை பாய்ந்து, வால் நுனி மீன்வால் போலப் பிளந்து தெரிந்தால் தாமிரக் குறைவாக இருக்கலாம்.

தண்ணீர் நாளுக்கு 4 முதல் 8 லிட்டர். ஆடு அழுக்குத் தண்ணீரைக் குடிக்காமல் பட்டினி கிடக்கும், மறுநாள் பால் சரியும். புழுக்கையொன்று விழுந்திருந்தாலும் வாளியைக் கொட்டிக் கழுவி நிரப்புங்கள். காரணம் தெரியாமல் பால் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வாளியைத்தான்.

அரளி ஓர் இலைகூட வேலிக்குள் எட்டக் கூடாது. இளம் சோளப்பயிர், மரவள்ளி இலை இரண்டிலும் சயனைடு உண்டாகும். வறட்சியில் வாடிய பயிர் இன்னும் மோசம்.

குடற்புழுவில் மிகக் கொடியது இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ். கீழ் இமையைப் பிதுக்கி உள்தோலின் நிறம் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் பயமில்லை. வெளிறிய இளஞ்சிவப்போ வெள்ளையோ என்றால் உடனே மருத்துவரிடம் சாணம் பரிசோதிக்கக் கொடுங்கள். நாட்காட்டியைப் பார்த்து எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றும் பழக்கம் மருந்துக்கு அடங்காத புழுவைத்தான் வளர்க்கும். புழுவின் இளம்பருவம் பனி ஈரத்தில் புல்லின் அடிப்பகுதியில் ஏறி நிற்கும். எனவே ஈரம் காய்ந்த பிறகு மேய விடுங்கள், புல் 10 செ.மீ.க்குக் கீழ் இறங்கும் முன் இடம் மாற்றுங்கள்.

குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். மண்ணை நோக்கி மடிந்த ஓரத்தைச் சீவிக்கொண்டே வந்து, இளஞ்சிவப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

சினையும் குட்டியும்

குட்டி போட்டால்தான் பால். பெட்டைக்குப் பருவம் 18 முதல் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்று அல்லது ஒன்றரை நாள் நிற்கும். வாலை ஓயாமல் ஆட்டும், கத்தும், பின்புறம் ஈரமாகத் தெரியும், பால் சட்டென்று கொஞ்சம் குறையும். முழு வளர்ச்சி எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டாத பெட்டையைச் சேர்க்காதீர்கள். குட்டை ரகத்தில் பத்து மாதம், ஒரு வயது என்று காத்திருப்பது நல்லது. இதற்கு நேர்மாறாக, கிடாக்குட்டிக்கு இரண்டு மாதத்திலேயே ஆற்றல் வந்துவிடும். எட்டு வாரத்துக்குள் தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெட்டைகளிடமிருந்தும் பிரிக்காவிட்டால் வேண்டாத சினை உறுதி.

சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். குட்டை ரகம் பெரும்பாலும் 145-லிருந்தே தயாராகிவிடும். வாலடியின் இரு பக்கமும் ஓடும் தசைநார் தினமும் விரலுக்குப் பென்சில் போலத் தட்டுப்படும். அது குழைந்து, விரல்கள் சந்திக்கும் அளவு பள்ளமானால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் எதுவும் வெளிவராவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

குட்டியின் தொப்புள்கொடியை அயோடினில் தோய்த்து, முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். முதல் ஒரு நாளில் அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும். குட்டியின் குடல் நோய் எதிர்ப்புப் புரதத்தை முழுதாக உறிஞ்சுவது அந்த ஒரு நாள்தான், பிறகு அந்த வாசல் மூடிவிடும். காம்பு நுனியில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும். குட்டியை விடும் முன் இரண்டு பீச்சு பீச்சி அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் குட்டிக்கே பால் முழுவதும். அதன் பின் இரவில் குட்டிகளைத் தாய் கண்ணில் படும்படி தனித் தடுப்பில் அடைத்து, காலையில் நீங்கள் கறந்துகொண்டு, பகல் முழுக்கக் குட்டியைத் தாயோடு விட்டுவிடலாம். நாளுக்கு ஒரு வேளை மட்டுமே கறக்க முடிகிறவருக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை. ஒருநாள் வர முடியாவிட்டாலும் குட்டி கறந்துவிடும்.

கறக்கும் மேடை

ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 40 செ.மீ. உயரமுள்ள பலகை மேடை குட்டை ரகத்துக்குப் பொருந்தும். மேலே வழுக்காத ரப்பர் பாய். முன்னால் கழுத்தை மட்டும் பிடித்து நிற்கும் சட்டம், அதற்கு வெளியே தீவனக் கிண்ணம். கழுத்து இடைவெளி ஏறத்தாழ 10 செ.மீ. தலை பின்னால் வரக் கூடாது, தொண்டையும் அமுங்கக் கூடாது. ஆணியை இரண்டு மூன்று துளைகளில் மாற்றிப் போட வசதி செய்துகொண்டால் எல்லா ஆட்டுக்கும் ஒத்துவரும்.

தலைஈத்து ஆட்டை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே தினமும் மேடையில் ஏற்றி, ஒரு கைப்பிடி தீவனம் கொடுத்து, மடியைத் தடவி இறக்கிவிடுங்கள். ஈன்ற பிறகு முதல்முறை கை பட்டால் உதைக்காத ஆடு அபூர்வம்.

கறப்பது

நேரம் மாறக் கூடாது. காலை ஆறு என்றால் மாலையும் ஆறு. இரண்டு வேளைக்கும் இடைவெளி கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஆடு பழகிக்கொள்ளும், ஆனால் நாளுக்கொரு நேரமாக மாறிக்கொண்டே இருந்தால் மடி குழம்பிப்போகும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு உட்காருங்கள். மடிமேல் தொங்கும் மயிரையும் முன்பே கத்தரித்துவிடுங்கள். அந்த மயிரிலிருந்தும் பாலில் அழுக்கு விழும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மடியையும் காம்பையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஆடு ஒன்றுக்கு ஒரு துணி. ஈரக் காம்போடு கறந்தால் அழுக்குநீர் வழிந்து பாலில் சொட்டும். துடைப்பது சுத்தத்துக்கு மட்டுமல்ல. அந்த வெதுவெதுப்பும் தடவலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைத் தூண்டி, மடியின் நுண்ணறைகளில் உள்ள பாலை இறக்கும். அந்த நேரம் நாய் குரைத்தாலோ யாராவது அதட்டினாலோ பால் ஏறிக்கொள்ளும்.

முதல் இரண்டு மூன்று பீச்சை, அடியில் கறுப்புத் துணி விரித்த கிண்ணத்தில் தனியாக எடுங்கள். காம்பு நுனியில் தங்கிய கிருமி அதோடு போய்விடும். துணிமேல் திரியோ, செதிலோ, ரத்தக் கோடோ தெரிந்தால் அன்றைய பால் வாளிக்குப் போகக் கூடாது.

இப்போது பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, காம்பு மடியோடு சேரும் இடத்தில் வளையம் போலப் போட்டு இறுக்குங்கள். காம்பில் இருக்கும் பால் மேலே திரும்பிப் போகாமல் அடைபட வேண்டும், முழு நுட்பமும் அதில்தான் இருக்கிறது. வளையத்தைத் தளர்த்தாமல் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மடக்குங்கள். பால் சர்ரென்று பீச்சும். விரல்களைத் திறந்தால் காம்பு மறுபடி நிரம்பும். இரண்டு கையும் மாறி மாறி. குட்டை ரகக் காம்புக்கு நான்கு விரலும் இடம் கொள்ளாது. வளையத்தோடு நடுவிரல் மட்டும், அல்லது இரண்டு விரல் போதும். கீழே இழுக்காதீர்கள். காம்பை இரு விரலுக்கிடையே நசுக்கி உருவுகிறவர்கள் உண்டு. உள்தோல் காயப்பட்டு, அந்தக் காயத்தில்தான் மடிநோய் குடியேறும். பால் வராமல் மேலே மடி உப்பினால் உங்கள் வளையம் தளர்ந்திருக்கிறது, அல்லது அதிக மேலே, மடிச்சதையைப் பிடித்திருக்கிறீர்கள்.

அரை லிட்டர் எவர்சில்வர் கிண்ணத்தில் கறந்து, நிறைய நிறைய மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஆடு உதைத்தாலும், கிண்ணத்தில் காலை வைத்தாலும் போவது அந்தக் கொஞ்சம்தான். உதைக்கும்போது கையை எடுக்காதீர்கள். மடியில் கையை வைத்தபடியே இருந்து, கால் அடங்கியதும் தொடருங்கள். உதைத்தால் கை போய்விடும் என்று ஒருமுறை கற்றுக்கொண்ட ஆட்டை மாற்றுவது பெரும்பாடு.

பீச்சு மெலிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். குட்டி முட்டிக் குடிப்பது போல உள்ளங்கையால் மடியை மேல்நோக்கி இரண்டு மூன்று தரம் மெதுவாக முட்டி, அமுக்கிப் பிசைந்து மறுபடி கறங்கள். கடைசியாக வருவதுதான் கொழுப்பு மிகுந்த பால். அதை மடியிலேயே விட்டால் சுரப்பு நாளுக்கு நாள் சுருங்கும்.

முடிந்ததும் காம்பு நுனியை அயோடின் கரைசலில் முக்குங்கள், 0.5 முதல் 1 சதவீதம் உள்ளது. தெளிப்பதைவிட முக்குவது மேல், சுற்றிலும் படும். பால் வந்த துளை மூட அரை மணி நேரம் ஆகும். அதுவரை ஆடு படுக்காமல் நிற்க வேண்டும், புதுப் புல் வைத்துவிட்டால் நின்றபடி தின்னும்.

பாலைக் காப்பது

வடிகட்டித் துணியைவிடப் பால் வடிகட்டும் தாள் சுத்தம். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். வடிகட்டியதும் பாத்திரத்தை பனிக்கட்டி கலந்த தண்ணீரில் கழுத்தளவு இறக்கி, அவ்வப்போது கிளறி, ஒரு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெறுமனே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி சூடாகவே பல மணி நேரம் கிடக்கும். வெதுவெதுப்பான பாலைக் குளிர்ந்த பாலில் ஊற்றாதீர்கள்.

குடிக்கும் முன் 63 டிகிரியில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்க வேண்டும், அல்லது பொங்கக் காய்ச்ச வேண்டும். பச்சைப் பாலில் புருசெல்லா, கியூ காய்ச்சல் கிருமிகள் ஆட்டின் உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக ஆட்டுப்பாலைக் கொடுக்கக் கூடாது. அதில் ஃபோலேட் என்ற வைட்டமின் மிகக் குறைவு, ரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாமை உள்ளவருக்கும் பெரும்பாலும் இதுவும் ஒத்துக்கொள்ளாது.

பாத்திரத்தை முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் பால் புரதம் உலோகத்தில் வெந்து ஒட்டும். பிறகு சூடான நீரும் சோப்பும், வாரம் ஒருமுறை வினிகர் கலந்த நீரில் அலசல். விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும் வெள்ளைப் படலம்தான் பால் கறை. சோப்புக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும்.

நல்ல ஆட்டுப்பாலில் கவுச்சி இராது. வாடை அடித்தால் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கறந்த உடனே நன்றாக இருந்து மறுநாள் அடித்தால் ஆறவைத்ததில் தாமதம், அல்லது பாத்திரக் கறை, அல்லது பாலை அதிகம் குலுக்கிக் கொழுப்புத் துளிகள் உடைந்தது. கறக்கும்போதே அடித்தால் கிடா பக்கத்தில் இருக்கிறது, தின்ற தழையின் வாடை ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் மடிநோய். உப்புக் கரித்தால் மடிநோயைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

மடி ஒரு பக்கம் சுட்டு, சிவந்து, கல்லாக இருந்து, ஆடு பின்காலை அகட்டி நடந்தால் மடிநோய் வந்தேவிட்டது. அறிகுறி வெளியே தெரியாத மடிநோயைக் கலிஃபோர்னியா சோதனை திரவம் காட்டும். பாலோடு கலந்து சுழற்றினால், பாலில் உயிரணுக்கள் மிகுந்திருந்தால் கூழாகும். ஆட்டுப்பாலில் இயல்பாகவே உயிரணுக்கள் மிகுதி, எனவே லேசான தடிப்புக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் தடித்தால் கவனியுங்கள். நோயுள்ள ஆட்டைக் கடைசியாகக் கறந்து, கையைக் கழுவுங்கள். மருந்து போட்டால் மருத்துவர் சொன்ன நாள் வரை பாலைக் கொட்டிவிட வேண்டும்.

வற்றவிடுவது

மறுபடி சினையான ஆட்டை ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறப்பதை நிறுத்த வேண்டும். மடித் திசு புதுப்பித்துக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும், அதைத் தராவிட்டால் அடுத்த ஈத்துப் பால் குறையும். ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தை நிறுத்தி, காய்ந்த புல் மட்டும் கொடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் அரை லிட்டருக்கு இறங்கியதும் அடியோடு நிறுத்திவிடுங்கள். மடி இரண்டு மூன்று நாள் விம்மும், பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் அந்த அழுத்தம்தான் சுரப்பை நிறுத்தச் சொல்லும் செய்தி. பாவம் என்று கொஞ்சம் கறந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். சூடும் சிவப்பும் இல்லாவிட்டால் தொடாதீர்கள். ஒரு வாரத்தில் தானாகத் தளரும்.

கடைசி மூன்று வாரம் வயிற்றில் இரண்டு மூன்று குட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், பெருவயிறு நிறையத் தின்ன முடியாது. அப்போது நல்ல தழையும், நாளுக்கு 150 கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டும் அடர்தீவனமும் வேண்டும். தீனியைத் தொடாமல் மூலையில் நின்று, மூச்சில் இனிப்பு வாடை அடித்தால் அன்றே மருத்துவர் வர வேண்டும்.